குறைந்த கேள்விகளின் தேற்றம்

முப்பத்தோராம் நாள் காலையில் பேராசிரியை தன் கணவரின் கையைப் பிடிப்பதை நிறுத்தினாள். அதற்குக் காரணம் கோபமன்று, சலிப்புமன்று. அவளுடைய அட்டவணை நிறைந்துவிட்டது. கேட்பதற்கு ஒரு கேள்வியும் எஞ்சியிருக்கவில்லை. கேள்வி இல்லாத இடத்தில் கை எதற்கு என்று அவள் எண்ணினாள் என்றுகூடச் சொல்வதற்கில்லை. அதைப் பற்றி அவள் எண்ணவேயில்லை.

இது விளங்க வேண்டுமானால், இருபத்திரண்டு ஆண்டுகளாக அவள் செய்துவந்த ஆராய்ச்சி இன்னதென்று முதற்கண் கூறியாக வேண்டும். மூடிய பெட்டி ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அதன் வெளிப்புறத்தில் இரண்டு பொத்தான்களும் ஒரு விளக்கும் உள்ளன. பெட்டியைத் திறந்து பார்க்க இயலாது. பொத்தான்களை ஏதேனும் ஒரு வரிசையில் அழுத்தினால் சில வேளை விளக்கு எரியும். சில வேளை எரியாது. இத்தகைய பெட்டியைத் தானியங்கி என்பர். அதனுள்ளே எண்ணி முடிக்கத்தக்க சில நிலைகள் உண்டு. ஒவ்வோர் அழுத்தலும் பெட்டியை ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குத் தள்ளும். அழுத்தி அழுத்திப் பார்த்தே, திறக்காமலே, உட்புறத்தின் வரைபடத்தை முழுமையாக வரைந்துவிடலாம். வரைந்தபின், உள்ளிருப்பதை அறிந்த ஒருவரிடம் அதனைக் காட்டி, ‘இதுதானே?’ என்று கேட்க வேண்டும். அவர் ஆம் என்றால் கற்றல் முடிந்தது. இல்லையென்றால், படம் பிசகும் ஓர் இடத்தை அவர் சுட்டிக் காட்டுவார். கற்பவர் திருத்திக்கொண்டு மறுபடி கேட்பார். இவ்வளவுதான் அத்துறையின் சாரம். இதனை எத்தனை குறைவான கேள்விகளால் செய்து முடிக்கலாம் என்பதற்குப் பேராசிரியை ஒரு தேற்றம் கண்டிருந்தாள். அத்தேற்றத்தின் நிறுவல் பதினொரு பக்கம். அதற்கு அவள் ஒன்பது ஆண்டுகள் உழைத்தாள்.

எனவே வீண் கேள்வி என்றாலே அவளுக்கு ஆகாது. பிற்பகலில் தொலைபேசியில் அழைத்து, ‘சாப்பிட்டாயா?’ என்று கேட்பவர்களிடம், “மணி மூணாச்சு, சாப்பிட்டிருப்பேன்னு உங்களுக்கே தெரியுமே” என்பாள். அவள் கணவர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அவர் லிஃப்ட் மெக்கானிக். இருவரும் அறிமுகமானதே பழுதாகி நின்ற ஒரு லிஃப்டில்தான். உள்ளே அவள் மட்டும் இருந்தாள். வெளியே, கதவிடுக்கின் அருகே, அவர் குந்தியிருந்து நாற்பது நிமிடம் வேலை செய்தார். வேலை செய்துகொண்டே ஓயாமல் கேட்டார்: எந்த ஊர், என்ன படிப்பு, பாட்டு வருமா, நாய் பிடிக்குமா, பூனை பிடிக்குமா. அவற்றுள் ஒரு கேள்விகூட லிஃப்டைப் பழுதுபார்ப்பதற்கு உதவாது என்பதை அவள் கவனித்தாள். நாற்பது நிமிடமும் தான் பயப்படவே இல்லை என்பதைக் கவனிக்கவில்லை.

“நான் நாப்பது கேள்வி கேட்டேன். அவ ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா, ‘எப்ப சரியாகும்?’னு” என்பார் கணவர், வீட்டுக்கு வருவோரிடமெல்லாம். “அதுக்கே நான் விழுந்துட்டேன்.”

அவளுடைய ஆராய்ச்சியையும் அவர் விட்டுவைத்ததில்லை. “என் பெட்டியில ஏறினா பத்தாவது மாடிக்குப் போகலாம். உன் பெட்டியில ஏறினா எங்க போறதும்மா?”

“அது காகிதத்துல இருக்கற பெட்டிங்க.”

“அப்ப அறுந்து விழுந்தாலும் யாருக்கும் அடிபடாது. நல்ல உத்தியோகம்தான்.”

அவர்கள் குடியிருந்ததோ லிஃப்டே இல்லாத பழைய கட்டடத்தின் நான்காவது மாடி. பிள்ளைகள் இல்லை. ‘ஊரையே தூக்கிவிடறவன் தினம் எழுபத்திரண்டு படி நடந்து ஏறணும்னு என் தலையில எழுதியிருக்கு’ என்று மூச்சு வாங்கியபடி கதவைத் தட்டுவார்.

ஒரு நாள், வேறொரு கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் இருக்கும் அறையில் வேலை செய்துகொண்டிருந்தபோது அவர் விழுந்தார். மூளையில் இரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது. உயிர் மிஞ்சியது. பேச்சு போயிற்று, கைகால் போயிற்று. வலக்கையின் கட்டைவிரல் மட்டும் அசைந்தது.

“காது கேக்குது. எல்லாம் புரியுது” என்றார் மருத்துவர். “சொல்லத்தான் முடியாது. ஒரு தடவை அழுத்தினா ஆமாம், ரெண்டு தடவைன்னா இல்லைன்னு பழக்குங்க. ஆனா ரொம்பக் கேக்காதீங்க மேடம். ஒவ்வொரு அழுத்தலும் அவருக்கு ஒரு மூட்டை தூக்கற மாதிரி.”

பேராசிரியை தலையசைத்தாள். ரொம்பக் கேட்காமல் அறிந்துகொள்வது எப்படி என்பதை அவளைவிடத் தெரிந்தவர் அந்நகரில் எவரும் இலர்.

கட்டம் போட்ட குறிப்பேடு ஒன்றை வாங்கினாள். குறுக்கு வரிசைகளில் சூழ்நிலைகளை எழுதினாள்: விடியலில், உடற்பயிற்சிக்குப் பின், குளியலுக்குப் பின், பார்வையாளர் வந்து போன பின், மழை நாளில். நெடு வரிசைகளில் கேள்விகளை எழுதினாள்: உதட்டை நனைக்கவா, புரட்டிப் படுக்க வைக்கவா, சன்னலைத் திறக்கவா, வானொலி வேண்டுமா, ஆள் வரலாமா, வீட்டுக்குப் போக வேண்டுமா. பிறகு அவர் கையைத் தன் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, கட்டைவிரல் தன் தசையில் பதியும்படி வைத்துக்கொண்டு, கேட்டாள். முதல் வாரத்தில் இருநூற்றுப் பதினான்கு கேள்விகள். இரண்டாம் வாரத்தில் தொண்ணூற்றாறு. மூன்றாம் வாரத்தில் முப்பத்தெட்டு. எண்ணிக்கை இறங்க இறங்க அவளுக்குள் பல நாளாக இல்லாத ஒரு நிம்மதி ஏறியது. அவருடைய மூட்டைகளை ஒவ்வொன்றாக அவள் இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டைப் பற்றிய கேள்வியை அவள் இரண்டு முறை கேட்டாள். ஒன்பதாம் நாள் கேட்டபோது அவள் மடியில் ஒரு கட்டுக் காகிதம் இருந்தது. அடுத்த மாதம் அனுப்ப வேண்டிய கட்டுரை. “வீட்டுக்குப் போகணுமாங்க? நாலு மாடி, படி... எப்படியாவது பாத்துக்கலாம்.” அவர் காகிதக் கட்டைப் பார்த்தார். இரண்டு முறை அழுத்தினார். பதினான்காம் நாளும் அதே இரண்டு.

முடிவில் ஏழு நிலைகள் கிடைத்தன. ஏழு வட்டங்கள், அவற்றிடையே அம்புகள். உடற்பயிற்சியான அரைமணி வரை ஒரு வட்டம். அப்போது உதடு நனைக்க வேண்டாம், புரட்ட வேண்டும். மழை தொடங்கினால் அங்கிருந்து இன்னொரு வட்டத்துக்கு ஓர் அம்பு. அங்கே சன்னல் திறந்திருக்க வேண்டும், வானொலி கூடாது. ஒவ்வொரு வட்டத்தினுள்ளும் எல்லாக் கேள்விகளுக்கும் விடை எழுதப்பட்டிருந்தது. வீட்டைப் பற்றிய கேள்விக்கு ஏழிலும் ‘இல்லை’. இரண்டில் அவள் கேட்டு எழுதியது. எஞ்சிய ஐந்தில், தன் தேற்றம் அனுமதிக்கும் முறைப்படி, கேட்காமலே எழுதியது.

மூன்று நாள் தொடர்ந்து படம் சொன்னபடியே அவர் விடை சொன்னார். முப்பதாம் நாள் மாலை அவள் படத்தை அவர் கண்முன் விரித்துப் பிடித்தாள்.

“இதுதாங்க நீங்க. சரியா இருக்கா?”

அவர் படத்தைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார், நெடுநேரம் பார்த்தார். அவளோ, ஐந்தாம் வட்டத்திலிருந்து புறப்பட்ட அம்பொன்று கோணலாக வந்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் ஒரு முறை அழுத்தியது.

இவ்வாறு கற்றல் முடிந்தது.

அதன் பின்னர் அந்த வார்டில் அவர் போலச் சீராகக் கவனிக்கப்பட்ட நோயாளி இல்லை. தாகம் எடுக்குமுன் நனைந்த பஞ்சு உதட்டுக்கு வந்தது. முதுகு நோகுமுன் உடல் புரட்டப்பட்டது. படத்தின் நகல் ஒன்று கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டப்பட்டது. “மேடம் புண்ணியத்துல எங்க வேலை பாதியாச்சு” என்றார் செவிலி. “இவருக்கு என்ன வேணும்னு இவரைக் கேக்க வேணாம், சுவத்தைக் கேட்டாப் போதும்.” பேராசிரியை அந்தப் பாராட்டை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டாள். கட்டிலருகே நாற்காலி போட்டு அமர்ந்து கட்டுரையைத் திருத்தினாள். வேளை தவறாது எழுந்து வேண்டியதைச் செய்தாள். அவர் கைகள் போர்வைமேல் கிடந்தன.

முப்பத்தெட்டாம் நாள் நாத்தனார் வந்தார். கணவருக்கு மூத்தவர், தொலைபேசி நிலையத்தில் முப்பது ஆண்டு இணைப்புக் கொடுத்து ஓய்வு பெற்றவர். ‘எங்கக்கா வாயில மீட்டர் வெச்சா ஊரே திவாலாயிடும்’ என்று கணவர் முன்பு சொல்வதுண்டு. பெட்டியைக் கீழே வைத்த கையோடு தம்பியின் கையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

“ஏன்டா, நான் குண்டாயிட்டேனா?”

ஒரு முறை.

“நாக்கு போயும் திமிர் போகலை பாரு. தலைமுடிக்குச் சாயம் போட்டிருக்கேன், தெரியுதா?”

ஒரு முறை.

“நல்லா இருக்கா?”

இரண்டு முறை. நாத்தனார் சிரித்த சிரிப்பில் எதிர்க் கட்டில்காரர் விழித்துக்கொண்டார்.

பேராசிரியை அரைமணி பொறுத்தாள். அதற்குள் முப்பத்தாறு கேள்விகள். அவற்றுள் புதிதாக எதையும் தெரிவிக்கும் கேள்வி ஒன்றுமில்லை.

“அண்ணி, அவரு களைச்சுடுவாரு. டாக்டர் சொல்லியிருக்காரு.”

“களைக்கட்டுமே. சும்மா கெடந்து என்னத்தைக் கிழிக்கப்போறான்?” என்றார் நாத்தனார். “நீயும் வந்து ஏதாவது கேளேன்.”

“எனக்குத் தெரியாததுன்னு எதுவும் இல்லையே அண்ணி” என்றாள் பேராசிரியை. அதை அவள் பெருமையாகச் சொல்லவில்லை. ஓர் உண்மையைச் சொல்வதாகவே சொன்னாள்.

நாற்பத்தைந்தாம் நாள் மருத்துவர் கட்டிலருகே வந்து நின்றார். நாத்தனார் அப்போது மருந்துக் கடைக்குப் போயிருந்தார். இனி இங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை, கட்டில் வேறொருவருக்கு வேண்டும் என்று மருத்துவர் பக்குவமாகச் சொன்னார். ஒன்று, வீட்டுக்கு அழைத்துப் போகலாம். அல்லது, இரண்டு மணி நேரப் பயணத்தில், நீண்டகால நோயாளிகளுக்கென ஓர் இல்லம் இருக்கிறது. அங்கே வாரம் ஒரு முறை பார்வை நேரம்.

“அவருக்கு எது விருப்பம்னு தெரியுமா மேடம்?”

“வீடு வேண்டாம்னுட்டாரு டாக்டர். கேட்டாச்சு” என்றாள் பேராசிரியை. சுவரைப் பார்த்துக்கூட அவள் சொல்லவில்லை, அவளுக்கு மனப்பாடம். படிவத்தை வாங்கி, நோயாளியின் விருப்பம் என்ற கட்டத்தில் இல்லத்தின் பெயரை எழுதினாள். எழுதிக்கொண்டிருந்தபோது, போர்வைமேல் கிடந்த அவருடைய கட்டைவிரல் அசைவதைக் கண்டாள். இரண்டு முறை அழுந்தியது. நின்றது. மறுபடி இரண்டு முறை. துணி சற்றே குழிந்து நிமிர்ந்தது. தசைத் துடிப்பு என்று முடிவு செய்து, பிற்பாடு மருத்துவரிடம் சொல்ல வேண்டுமென்று குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டாள்.

மறுநாள் காலை அவள் துறைக்குப் போனாள். அங்கே அவளோடு கட்டுரை எழுதும் சக ஆசிரியர் ஒருவர் இருந்தார். எந்த நிறுவலைக் காட்டினாலும் ‘ஆனாக்கா’ என்று தொடங்குவது அவர் வழக்கமாதலால், துறை முழுவதும் அவருக்கு அதுவே பெயர். ஏழு வட்டப் படத்தை மேசைமேல் விரித்ததும் அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“அற்புதமா இருக்கு” என்றார். அவர் வாயிலிருந்து அச்சொல் வந்து நான்காண்டுகள் ஆகியிருக்கும். “ஆனாக்கா, இந்த ‘வீடு’ங்கற கேள்வியை எத்தனை வட்டத்துல கேட்டீங்க?”

“ரெண்டுல. மிச்சம் தானா வருது.”

“எப்ப கேட்டீங்க?”

“ஒன்பதாம் நாள். பதினாலாம் நாள்.”

“இன்னிக்கு?”

“நாப்பத்தாறு.” அவள் நிமிர்ந்தாள். “பெட்டி மாறாதுங்கறதுதானே சார் நம்ம முதல் வரியே? மாறும்னு வெச்சா நம்ம துறையே இல்லை.”

“வாஸ்தவம்.” ஆனாக்கா தேநீர்க் கோப்பையைத் தட்டில் ஒருமுறை சுற்றி வைத்தார். “ஆனாக்கா மேடம், நாம கேக்கறதை நிறுத்திட்டோம்னு பெட்டிக்குத் தெரியாது.”

அவள் படத்தை மடித்தாள். வகுப்பு இருந்தது, கரும்பலகையில் தன் தேற்றத்தின் மூன்றாம் பக்கத்தை எழுதும்போது ஒரு வரியை விட்டுவிட்டு எழுதினாள். இருபத்திரண்டு ஆண்டில் அவள் விட்ட முதல் வரி அது. வகுப்பை முடிக்காமலே மருத்துவமனைக்குப் புறப்பட்டாள்.

வார்டு வாசலில், தண்ணீர்க் குழாயருகே, நாத்தனார் அவளை வழிமறித்தார். செவிலி சொல்லித்தான் அவருக்கு இல்லத்தைப் பற்றித் தெரியவந்திருந்தது.

“அவனை எங்கயோ கொண்டுபோய்த் தள்ளப்போறியாமே?”

“தள்ளலை அண்ணி. அவருக்கு வீட்டுக்கு வர இஷ்டமில்லை.”

“யாரு சொன்னது?”

“அவருதான்.”

“என்கிட்ட தினம் சொல்றானே” என்றார் நாத்தனார். “வந்த அன்னிக்கு ராத்திரி நீ கிளம்பினப்புறம் கேட்டேன், ‘வீட்டுக்குப் போகணுமாடா’ன்னு. அழுத்தினான். ஒரே தடவை. எலும்பு நோகற மாதிரி. அன்னையிலேருந்து தினம் ராத்திரி கேக்கறேன், தினமும் ஒண்ணுதான். நீ ஏதோ ஏற்பாடு பண்ணிக்கிட்டிருக்கேன்னு நெனச்சேன். உனக்குத் தெரியாம இருக்குமா? இவ்வளவு பெரிய படம் வரைஞ்சு ஒட்டியிருக்கியே.”

பேராசிரியை குழாயைப் பிடித்துக்கொண்டாள். நேற்று துணி குழிந்து நிமிர்ந்தது அவள் கண்ணுக்குள் மறுபடி நிகழ்ந்தது. இரண்டு முறை. நிறுத்தம். இரண்டு முறை. ‘வேண்டாம்னுட்டாரு’ என்று அவள் சொல்லி முடித்த நொடியிலிருந்து. படம் பிசகும் இடத்தை அவர் சுட்டிக் காட்டியிருக்கிறார். தொட்டுப் பார்க்க யாரும் இல்லாத இடத்தில், போர்வைக்குச் சொல்லியிருக்கிறார்.

உள்ளே ஓடி அவர் கையை எடுத்தாள். பதினாறு நாளைக்குப் பின் எடுத்த கை. உள்ளங்கை மெலிந்து, தோல் வழுவழுத்திருந்தது.

“வீட்டுக்குப் போகலாமாங்க?”

விரல் அசையவில்லை. கண் திறந்திருந்தது, அவளுக்கு அப்பால் எதையோ பார்த்தது. உதடு நனைக்கட்டுமா என்றாள். சன்னல் திறக்கட்டுமா என்றாள். எதற்கும் ஒன்றுமில்லை. நாத்தனார் வந்து கையை வாங்கிக்கொண்டு, “என்னடா, பொண்டாட்டிகிட்ட முறுக்கிக்கறியா?” என்று கேட்டபோது ஒரு முறை அழுத்தினார்.

மருத்துவரிடம் போனாள். தவறு நேர்ந்துவிட்டது, வீட்டுக்கே அழைத்துப் போகிறேன் என்றாள். மருத்துவர் கோபப்படவில்லை.

“ஏற்கெனவே ஒரு தடவை அவருக்காக நீங்க எழுதிக் கொடுத்துட்டீங்க. இந்தத் தடவை அவரே சொல்லணும் மேடம், எங்க ஆள் ஒருத்தர் பார்க்க. இல்லைன்னா அம்பத்திரண்டாம் நாள் இல்லத்துல சேர்த்தே ஆகணும், இடம் போட்டாச்சு.”

ஐந்து நாள் இருந்தது. அந்த ஐந்து நாளில் பேராசிரியை பம்பரமாய்ச் சுழன்றாள். முன்னறையிலிருந்த புத்தக அலமாரிகளைத் தானே இழுத்துப் பின்னறையில் போட்டாள். வெளிச்சம் விழும் பக்கமாகக் கட்டில் போட்டாள். கணவரோடு வேலை செய்த மெக்கானிக்குகள் மூவரிடம் போய் நின்றாள். என்ன கேட்பதென்று தெரியாமல் நின்றாள். “நாலு மாடிதானே அண்ணி? அவரை நாப்பது மாடி தூக்கச் சொன்னாலும் தூக்குவோம்” என்றார் மூத்தவர். அன்று மாலையே வந்து, ஒவ்வொரு படித் திருப்பத்தையும் அளந்து, கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்றைத் தாங்களே செய்தார்கள். அதன் பின்கால்களில் சிறு சக்கரங்கள். “அவரு ஏறி உக்காந்ததும் இதுல நாலு குத்தம் சொல்லுவாரு பாருங்க” என்றார் ஒருவர். பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்பது போல, திருகாணியைக் குனிந்து முறுக்கினார்.

நாள்தோறும் அவள் கேட்டாள். விரல் கிடந்தபடியே கிடந்தது. நாத்தனாரும் முயன்றார். வானிலை, சாயம், எதிர்க் கட்டில்காரரின் குறட்டை என எதைக் கேட்டாலும் தம்பி விடை சொன்னார். வீட்டைப் பற்றிக் கேட்டால் மட்டும் கை கல்லாயிற்று. “நான் கேட்டு ஆகாதும்மா” என்றார் நாத்தனார். “நீ கேட்டுத்தான் ஆகணும்.”

ஐம்பத்தோராம் நாள் காலை செவிலி சாட்சியாக வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார். மூன்று மெக்கானிக்குகளும் நாற்காலியோடு கீழே வாயிலில் காத்திருந்தார்கள். பேராசிரியை குறிப்பேட்டைக் கொண்டுவரவில்லை. சுவரிலிருந்த படத்தை முந்தைய நாளே கிழித்துவிட்டிருந்தாள். ஒட்டுத்தாளின் நான்கு துண்டுகள் மட்டும் சுவரில் மீந்திருந்தன. அவர் கையை ஏந்திக்கொண்டாள்.

“அன்னிக்கு உங்க விரல் அசைஞ்சதைப் பாத்தேங்க” என்றாள். “ஏதோ துடிப்புன்னு எழுதி வெச்சுக்கிட்டேன். உங்களுக்குக் கஷ்டம் கொடுக்கக் கூடாதுன்னுதான் கேக்காம இருந்தேன். கேட்டிருக்கணும். தெரிஞ்சாலும் கேட்டிருக்கணும்.”

அவர் பார்வை அப்பாலிருந்து மெல்லத் திரும்பி அவள் முகத்துக்கு வந்தது. கட்டைவிரல் ஒரு முறை அழுத்தியது.

இருபத்தொரு நாளைக்குப் பின் அவர் அவளுக்குச் சொன்ன முதற்சொல் அது. செவிலியும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பேராசிரியை குனிந்து, பேச்சு சிதறாதபடி ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்:

“வீட்டுக்குப் போகலாமாங்க? உங்க ஆளுங்க கீழ நிக்கறாங்க. முன்னறையில கட்டில் போட்டிருக்கேன்.”

விரல் பதிந்தது. அவள் அசையாமல் இருந்தாள். பதிந்த இடத்தில் அழுத்தம் தளர்ந்தது. போதும், இத்தோடு போதும் என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே விரல் மறுபடி பதிந்தது.

செவிலி படிவத்தைப் பார்த்தார்.

“படிக்கட்டுக்காகவா?” என்றாள் பேராசிரியை. இரண்டு. “எனக்குக் கஷ்டம்னா?” இரண்டு. “அக்காவோட போய் இருக்கணுமா?” இரண்டு. “என்மேல கோபமா?” இதற்கு நேரமாயிற்று, அவர் கண் அவள் முகத்தை விட்டு அகலவில்லை, நெற்றியில் வேர்வை அரும்பியது. இரண்டு.

“பின்னே என்னங்க?”

அது கட்டைவிரலால் விடை சொல்லத்தக்க கேள்வியன்று. அவர் அவளைப் பார்த்தபடி இருந்தார். கேட்கத்தக்க வேறு கேள்வி ஏதேனும் இருந்திருக்கும். முப்பதாம் நாளிலிருந்து அவர் தனியே நடந்துபோன வழியில் ஏதோ ஓரிடத்தில், ஆம் என்று சொல்லிவிடக்கூடிய ஒரு கேள்வி. அவளுக்கு அது தோன்றவில்லை. குறைந்த கேள்விகளால் எல்லாவற்றையும் அறியும் வழியைக் கண்டவளுக்கு, எத்தனை கேட்டாலும் எட்டாத ஒன்றின் முன் எப்படி அமர்வதென்று தெரியவில்லை. வெறுமனே கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவரும் விடுவித்துக்கொள்ள முயலவில்லை.

பார்வை நேரம் முடிந்ததும் வெளியே வந்தாள். தாழ்வாரத்துப் பெஞ்சில் இருந்த நாத்தனார் எழுந்தார்.

“சொன்னானா?”

“சொன்னாரு.”

“என்ன சொன்னான்?”

“வேண்டாம்னுட்டாரு.”

நாத்தனாருக்குப் பேச்சு வராமல் போனதைப் பேராசிரியை அதுவரை கண்டதில்லை. தாழ்வாரத்துச் சன்னலுக்குக் கீழே மெக்கானிக்குகள் மூவரும், யாரோ இறங்கி வரக் காத்து, மாடிப்படியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“நீ அன்னிக்கு எழுதிக் கொடுத்த மாதிரியேவா?” என்றார் நாத்தனார்.

“ஆமா அண்ணி” என்றாள் பேராசிரியை. “ஏழு வட்டத்துலயும் அப்படித்தான் போட்டிருந்தேன். கணக்கு சரியாத்தான் வந்திருக்கு.”

நாத்தனார் அவள் தோளைப் பிடித்துப் பெஞ்சில் உட்கார வைத்தார். மெக்கானிக்குகளிடம் விஷயத்தைச் சொல்வதற்காக, ஒவ்வொரு படியாக, தாமே இறங்கிப் போனார்.